வெங்காயத் தோலில் அக்தின் தேடிய மூன்று கிழமை

இறுதியாண்டு ஆய்வுக்குத் தாவரக் கலத்தின் குழியவன்கூடு (கலத்துக்கு உள்ளே வடிவத்தைத் தாங்கும் புரத இழைகளின் வலை) என்று எழுதிக் கொடுத்தபோது எனக்குப் பெரிய யோசனை எதுவும் இருக்கவில்லை. மட்டக்களப்புச் சந்தையில் பம்பாய் வெங்காயம் கிடைக்கிறது, ஆய்வுகூடத்தில் சாயம் ஒளிர்வதைக் காட்டும் ஒரு புளொரசன்ஸ் நுணுக்குக்காட்டி இருக்கிறது, வேறென்ன வேண்டும் என்ற துணிச்சல்தான்.

அந்தக் கூட்டின் ஒருவகைப் புரத இழைதான் அக்தின். அதன் தடிப்பு ஏறக்குறைய 7 நனோமீற்றர். ஒளி நுணுக்குக்காட்டி 200 நனோமீற்றருக்குக் கீழே பிரித்துக் காட்டாது. ஆகவே இழையில் ஒட்டும் சாயத்தின் ஒளியைத்தான் பார்க்க வேண்டும். நச்சுக் காளானிலிருந்து எடுக்கும் பலோய்டின் அக்தின் இழையைப் பிடித்துக்கொள்ளும். அதோடு ரோடமின் சாயத்தை இணைத்து விற்கிறார்கள். சின்னக் குப்பிதான், விலையை வீட்டில் சொல்லவில்லை.

வெங்காயத்தின் உள்மேற்றோலை உரித்து, போமலினில் பதப்படுத்தி, சாயமிட்டுப் பார்த்தேன். செம்மஞ்சள் பனிமூட்டம். மறுநாளும் அதேதான். உயிருள்ள தோலைச் சாதாரண ஒளியில் பார்த்தால் சிறுமணிகள் வரிசையாக ஓடுகின்றன. அவை ஓடுவதே அக்தின் இழைகளின் வழியேதான். அப்படியென்றால் இழை இருக்கிறது. என் கைபட்ட பிறகுதான் காணாமல் போகிறது.

மூன்றாம் கிழமை சேர் ஒரே கேள்விதான் கேட்டார்: "போமலின் போத்தல் லேபிளை வாசிச்சீரா?"

வாசிக்கவில்லை. கடைப் போமலின் கெடாமலிருக்க மெதனோல் சேர்த்திருப்பார்கள். மெதனோல் பட்டால் அக்தினின் வடிவம் குலையும், பிறகு பலோய்டின் ஒட்டாது. மெதனோல் இல்லாத கரைசலை நானே தயாரிக்கப் பரபோமல்டிகைட்டு தூளை நீரில் 60 பாகை செல்சியசில் சூடாக்கி, சில துளி சோடியம் ஐதரொட்சைட்டு விட்டு, கரைசல் தெளியும்வரை காத்திருந்தேன். மணம் மூக்கைத் துளைக்கும். ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் புகைக்கூண்டுக்கு வெளியே செய்து பார்க்க வேண்டாம்.

சரி, அன்றைக்கென்று கரண்ட் போனது. வந்தவுடன் நுணுக்குக்காட்டியின் இரச விளக்கைப் போடவும் முடியாது. ஆற அரை மணித்தியாலமாவது விட வேண்டும்.

அப்புறம் பார்த்தபோது கலத்தின் நீளவாக்கில் தடித்த கற்றைகள், அவற்றுக்கிடையே மெல்லிய வலை, கருவைச் சுற்றிக் கூடை பின்னியதுபோல் இழைகள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாயம் மங்கத் தொடங்கியது. வாய்பிளந்து நின்றதில் முதல் கலத்தைப் படமெடுக்கவே இல்லை. இரண்டாவதிலிருந்து கமெரா முதலில், கண் பிறகு.

அடுத்தது குழியவன்கூட்டின் இன்னொரு வகை இழைகளான நுண்புன்குழாய்கள். அவை குளிரில் கலைந்துவிடும் என்பதால் வெங்காயம் இப்போது பிரிட்ஜில் இல்லை, மேசைக்குக் கீழே கூடையில் கிடக்கிறது.