ஜெனோவா தேவாலயத்தில் மலாயாவின் குண்டு

மகள் பிடிவாதமாக ஏற்பாடு செய்த இத்தாலிப் பயணத்தில் ஜெனோவா துறைமுக நகருக்கு ஒரு நாள்தான் கிடைத்தது. முழங்கால் வலியுள்ள என் மனைவியால் பெரிய குழுவோடு ஓட முடியாது என்பதால், எங்கள் இருவருக்கும் மட்டுமாக ஒரு வழிகாட்டியை அமர்த்திக்கொண்டோம்.

காலையில் 1909 முதல் இயங்கிவரும் மின்தூக்கியில் காஸ்டெலெட்டோ மேட்டுக்கு ஏறி, சாம்பல் நிறக் கல் கூரைகளையும் துறைமுகத்தையும், 1543இல் கட்டி முடிக்கப்பட்ட 77 மீட்டர் உயரக் கலங்கரை விளக்கத்தையும் பார்த்தோம். 2006இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற கரிபால்டி தெரு மாளிகைகளை வெளியிலிருந்தே கண்டு நடந்தோம். எங்கள் நேரம் முழுவதையும் எடுத்துக்கொண்டது, 1118இல் அர்ச்சிக்கப்பட்ட சான் லோரென்சோ தேவாலயம்தான்.

கறுப்பும் வெள்ளையுமாக வரி வரியாகக் கல் அடுக்கிய அந்த ஆலயத்தின் வலப்பக்க நடையில், இரும்பாலான பீரங்கிக் குண்டு ஒன்றை நிமிர்த்தி வைத்திருக்கிறார்கள். 1941 பிப்ரவரி 9 அன்று பிரிட்டிஷ் கடற்படை நகரைத் தாக்கியபோது, ஆலயச் சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே விழுந்த குண்டு வெடிக்கவில்லை. அதற்கு நன்றி கூறும் கல்வெட்டு அருகிலேயே உள்ளது. அதே நாளில் நகரில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

நாங்கள் மலேசியாவிலிருந்து வருகிறோம் என்பதைக் காலையிலேயே கேட்டு வைத்திருந்த வழிகாட்டி, சற்றுத் தயங்கி, இதைச் சுட்ட போர்க்கப்பலின் பெயர் ‘மலாயா’ என்றார்.

“நம்ம மலாயாவாங்க?” என்று மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஆம், நம் மலாயாதான். பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கு மாநிலங்கள் அடங்கிய அன்றைய கூட்டரசு, தன் சொந்தச் செலவில் பிரிட்டனுக்குக் கட்டிக்கொடுத்த கப்பல் அது. 1915இல் கடலில் இறக்கப்பட்டது. ஈயத்தின் மீதும் ரப்பரின் மீதும் வசூலித்த ஏற்றுமதி வரி அந்த அரசின் பெரும் வருவாய்களில் ஒன்று. அந்த ஆண்டுகளில்தான் என் தாத்தா கப்பலேறி வந்து, சுங்கை சிப்புட்டை ஒட்டிய ரப்பர் தோட்டம் ஒன்றில் விடியுமுன் பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு நின்று, பால்மரம் வெட்டினார். உளி பிடித்துக் காய்த்துப்போன அவருடைய உள்ளங்கை எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. கோடு தவறாமல் பட்டை சீவிய அந்தக் கைகளின் உழைப்பில் ஒரு துளி, யாரும் அவரைக் கேட்காமலே, இந்த இரும்பாக மாறி, அவர் பெயர்கூட அறியாத ஊரின் கோயில் சுவரில் வந்து விழுந்திருக்கிறது. அதை நினைத்தபோது எனக்குக் கண் கலங்கியது.

அங்கேயே அரை மணி நேரத்துக்கு மேல் நின்றோம். வழிகாட்டி அவசரப்படுத்தவில்லை; தனிப் பயணத்துக்குக் கொடுத்த பணம் இந்த ஒன்றுக்கே தகும். மனைவி இரண்டு மெழுகுவத்திகள் வாங்கி, ஒன்றை அந்த ஊரில் இறந்தவர்களுக்காகவும், மற்றொன்றைத் தாத்தாவுக்காகவும் ஏற்றினார்.

நம் ஊரிலிருந்து ஜெனோவா செல்பவர்கள் காலையிலேயே ஆலயத்துக்குப் போய்விடுங்கள். நடுப்பகலில் கதவை அடைத்துவிடுகிறார்கள். உள்ளே நுழைந்ததும் வலப்பக்கமாக நடந்தால் குண்டு தென்படும். கல்வெட்டில் கப்பலின் பெயர் இல்லை. உடன் வரும் பிள்ளைகளுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.