வலையோடு போருக்குப் போன படகுகள்: லோஸ்டாஃப்ட் நாட்குறிப்பு

3 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலுள்ள மீன்பிடித் துறைமுக ஊரான லோஸ்டாஃப்டுக்குக் குடிவந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் டாம் கிரிஸ்ப் வே என்ற சாலையில்தான் வண்டி ஓட்டுகிறேன். அந்தப் பெயருக்கு உரியவர் 1876இல் இவ்வூரில் பிறந்த ஒரு மீனவர் என்பதும், முதல் உலகப் போரில், 1917 ஆகஸ்ட் 15 அன்று, பிரிட்டிஷ் கடற்படை பீரங்கி ஏற்றிய மீன்பிடிப் படகோடு வட கடலில் மூழ்கியவர் என்பதும், பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா சிலுவை இறந்த பின் அவருக்கு வழங்கப்பட்டது என்பதும் இன்றுதான் தெரிந்தது. அந்த நாள் பன்னிரண்டே நாள் தொலைவில் இருக்கிறது. அதுவரை படித்ததையும் பார்த்ததையும் இங்கே தேதியிட்டு எழுதி வரப்போகிறேன்.

படகின் தலைவரை ஆங்கிலத்தில் ஸ்கிப்பர் என்கிறார்கள். தூத்துக்குடித் தோணிக்காரர்கள் அவரைத் தண்டல் என்பார்கள். இனி அந்தச் சொல்லையே கையாள்கிறேன்.

6 ஆகஸ்ட், புதன்

கடற்படையிடம் பெரும் போர்க்கப்பல்கள் அத்தனை இருந்தும் மீன்பிடிப் பாய்மரப் படகுகளை ஏன் வாடகைக்கு எடுத்தார்கள் என்ற கேள்வியோடு இன்று உட்கார்ந்தேன். விடை ஜெர்மானிய நீர்மூழ்கிகளின் அளவில் இருக்கிறது. 1915 வசந்தத்தில் பெல்ஜியக் கரையிலிருந்து புறப்பட்டு வந்தவை யூபி வகையின் முதல் வரிசைக் கப்பல்கள். நீர்மட்டத்தில் மிதக்கும்போது அவற்றின் எடை 127 டன்தான். இரண்டே டார்ப்பிடோக்களும் ஓர் இயந்திரத் துப்பாக்கியும் இருந்தன. மேல்தளத்தில் பீரங்கி கிடையாது. அறுபது டன் மரப்படகு ஒன்றுக்காக விலையுயர்ந்த டார்ப்பிடோவைச் செலவழிக்க எந்தத் தளபதிக்கும் மனம் வராது. அதனால் நீர்மூழ்கி படகின் அருகே வந்து மேலெழும்பும். மீனவர்களைச் சிறு தோணியில் இறங்கச் சொல்லும். பிறகு வெடிகுண்டு ஒன்றைப் படகினுள் வைத்துத் திரியைக் கொளுத்திவிட்டு விலகிப் போகும். லோஸ்டாஃப்டின் படகுகள் பல இப்படித்தான் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின.

நீர்மூழ்கி கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தாக வேண்டும் என்ற இந்த ஒரு கட்டாயத்தைத்தான் கடற்படை பிடித்துக்கொண்டது. 1915 கோடையில் ஜி அண்ட் ஈ, இன்வர்லயன், பெட், குளோரி என்ற நான்கு படகுகளில் மூன்று ராத்தல் குண்டு சுடும் சிறு பீரங்கியை மறைத்து ஏற்றினார்கள். படகு மீனவர்களுடையது, பீரங்கியும் அதை இயக்குபவர்களும் கடற்படையைச் சேர்ந்தவர்கள். வலையை மட்டும் எடுக்கவில்லை, ஏனென்றால் வலை கடலில் கிடந்தால்தான் அது மீன்பிடிப் படகு என்று எதிரி நம்புவான்.

10 ஆகஸ்ட், ஞாயிறு

இன்று எக்செல்சியர் படகைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். 1921இல் இவ்வூரிலேயே கட்டப்பட்டு, பிற்காலத்தில் செப்பனிடப்பட்டு, இன்னும் கடலில் ஓடும் பாய்மரப் படகு அது. போருக்குப் பிந்தியதென்றாலும், நான் படித்துக்கொண்டிருக்கும் படகுகளின் உடன்பிறப்பு என்றே சொல்லலாம்: இரண்டு பாய்மரங்கள், ஆழமான அடிப்பகுதி, முன்முனையான அணியத்தைத் தாண்டி நீண்டிருக்கும் கொம்பு. உடலின் நீளம் 77 அடிதான். அணியத்திலிருந்து பின்முனையான அமரம் வரை நிதானமாக நடந்தே முப்பது அடியெடுப்பில் முடிந்துவிட்டது. இந்த இடத்துக்குள் வலையும் மீன்பெட்டிகளும் சிறு தோணியும் கயிறுகளும் அடைந்து கிடக்க, நடுவே ஒரு பீரங்கியை எங்கே நிறுத்தியிருப்பார்கள், சுடும்போது பாய்க்கயிறு குறுக்கே வராமல் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று நெடுநேரம் யோசித்தபடி நின்றேன்.

பாயின் செங்காவி நிறத்தைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். உப்புநீரிலும் ஈரத்திலும் பருத்திப் பாய் மக்கிப் போகாமலிருக்க, காவிமண்ணோடும் கொழுப்போடும் இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் வந்த ஒரு மரச்சாற்றுக் கட்டியைக் காய்ச்சிப் பூசுவது இக்கரையின் வழக்கம். ஆங்கிலத்தில் கட்ச் என்று எழுதியிருந்ததால் முதலில் பிடிபடவில்லை. கருங்காலி வகை மரத்தின் வைரத்தைக் காய்ச்சி இறுக்கியது என்று படித்ததும் புரிந்துவிட்டது: அது நம் காசுக்கட்டி. என் பாட்டியின் வெற்றிலைப் பெட்டியில், பாக்குவெட்டிக்குப் பக்கத்தில், கறுஞ்சிவப்பாக ஒடிந்து கிடக்குமே, அதே பொருள். அவர் நாக்கைச் சிவக்க வைத்தது இந்தக் குளிர்க்கடலில் பாய்களுக்கும் நிறம் கொடுத்திருக்கிறது என்று நினைத்தபோது, அந்தக் கயிற்றைப் பிடித்திருந்த கையை எடுக்க மனம் வரவில்லை.

12 ஆகஸ்ட், செவ்வாய்

வாடகைப் படகுக்கு ஆயுதம் பூட்டுவது 1915இல் பிறந்த யோசனை அன்று. பிரெஞ்சுப் போர்க்காலத்திலேயே கட்டர், லக்கர், பிரிக் வகைச் சிறு கப்பல்களைப் பிரிட்டிஷ் கடற்படை உரிமையாளர்களிடமிருந்து ஒப்பந்தத்தில் எடுத்து, ஒரு லெப்டினன்ட்டை மேலே அமர்த்தி, காவலுக்கும் கடிதம் கொண்டு செல்லவும் பயன்படுத்தியது. அவற்றுள் ஒன்றான டெலிகிராஃப் என்ற பிரிக், 1799 மார்ச் 18 அன்று பிரான்சின் பிரிட்டனி கரையோரம் ஹிராண்டெல் என்ற பிரெஞ்சுக் கொள்ளைக் கப்பலோடு மூன்றரை மணிநேரம் சண்டையிட்டு அதைப் பிடித்தது. ஆனால் அவை கொடியை வெளிப்படையாகப் பறக்கவிட்டு வந்த கப்பல்கள். எதிரிக்கு அவை யாருடையவை என்பது தெரியும்.

இங்கேதான் என் மனம் உறுத்துகிறது. 1907ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கைகளில் பதினோராவது, கரையோர மீன்பிடிப் படகுகளைப் போரில் பிடிக்கக்கூடாது என்கிறது. அதே விதியின் அடுத்த பகுதி, அப்படகுகளின் அப்பாவித் தோற்றத்தை அப்படியே வைத்துக்கொண்டு அவற்றைப் போருக்குப் பயன்படுத்தவும் கூடாது என்கிறது. ஆழ்கடலில் மீன்பிடிக்கும் லோஸ்டாஃப்ட் படகுகள் கரையோரப் படகுகள் என்ற கணக்கில் வரா என்று வாதிடலாம். ஆயினும் விதியின் உட்பொருள் தெளிவாகவே இருக்கிறது. ஒரு படகில் பீரங்கி ஒளிந்திருக்கலாம் என்ற ஐயம் எழுந்துவிட்டால், பீரங்கியே இல்லாத பத்துப் படகுகளையும் எதிரி தூரத்திலிருந்தே சுடுவான். பழி முதலில் யார் மேல் என்றால், ஆயுதமற்ற மீனவனின் படகைக் கொளுத்தியவன் மேல்தான் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த ஐயத்தின் விலையைக் கடலில் நின்று கொடுத்தவர்கள் மீனவர்கள்.

13 ஆகஸ்ட், புதன்

இன்வர்லயன் கதை. 1915 ஆகஸ்ட் 15 மாலை, கிரேட் யார்மத்துக்கு அப்பால் அது வலையிழுத்துக்கொண்டிருந்தபோது யூபி-4 மேலெழும்பி வந்தது. ஏறத்தாழ முப்பது கெஜத்துக்குள், குரல் கேட்கும் தூரத்துக்கே வந்து, நீர்மூழ்கியின் மேற்கூண்டிலிருந்த அதிகாரி கூவி ஏதோ கட்டளையிட்டார். எர்னஸ்ட் ஜெஹான் என்ற கடற்படைப் பீரங்கி அதிகாரி வெள்ளைக் கொடியை, அதாவது பிரிட்டிஷ் கடற்படைக் கொடியை, ஏற்றச் சொல்லிவிட்டுத் தம் கைத்துப்பாக்கியால் சுட்டார். அதுவே பீரங்கி சுடத் தொடங்குவதற்கான சைகை. ஒன்பது குண்டுகள். அந்தத் தூரத்தில் குறி தவற வழியில்லை. நீர்மூழ்கி அணியம் கவிழ்ந்து மூழ்கியது. அதில் இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை.

இதில் எனக்கு மறக்க முடியாதவை இரண்டு. நீரில் தத்தளித்த ஜெர்மானியர் ஒருவரைக் காப்பாற்ற, படகின் தண்டல் பிலிப்ஸ் மிதவை வளையத்தோடு கடலில் குதித்து நீந்திப் போனார். எட்டுவதற்குள் அந்த மனிதர் மூழ்கிவிட்டார். சற்று முன்பு வரை தம்மைச் சாகடிக்க வந்தவரென்று அவர் பார்க்கவில்லை. கடலில் ஒருவர் மூழ்கினால் மீனவன் செய்வதைச் செய்தார். மற்றொன்று, படகின் வலை மூழ்கிய நீர்மூழ்கியில் சிக்கிக்கொண்டதால் அதை அறுத்துவிட வேண்டியதாயிற்று.

15 ஆகஸ்ட், வெள்ளி

நமக்கு இன்று சுதந்திர நாள். இவ்வூருக்கு இன்று கிரிஸ்பின் நினைவு நாள்.

யூபி-4 மூழ்கிச் சரியாக இரண்டு ஆண்டுகள் கழித்து, 1917 ஆகஸ்ட் 15 பிற்பகல், ஜிம் ஹோ மணல்திட்டருகே நெல்சன், எதெல் அண்ட் மில்லி என்ற இரண்டு ஆயுதப் படகுகள் மீன்பிடித்துக்கொண்டிருந்தன. நெல்சன் வேறு யாருமில்லை. முதல் நான்கில் ஒன்றான ஜி அண்ட் ஈதான், பெயர் மாறி வந்திருக்கிறது. தண்டல் தாமஸ் கிரிஸ்ப். அவருக்கு அடுத்த நிலையில் அவர் மகன் டாம். பீரங்கியருகே பெர்சிவல் ராஸ்.

அதற்குள் காலம் மாறிவிட்டிருந்தது. வந்த யூசி-63 நீர்மூழ்கியில் 88 மில்லிமீட்டர் பீரங்கி இருந்தது. அருகே வர அதற்குத் தேவையே இல்லை. ஏறத்தாழ ஆறாயிரம் கெஜத்துக்கு அப்பால் அடிவானில் ஒரு புள்ளியாகத்தான் கிரிஸ்ப் அதை முதலில் கண்டார். வலையோடு அவர்களால் நகர முடியாது. நாற்பது அடிக்கு மேல் நீளமுள்ள மர உத்தரத்தோடு கடலடியில் ஊரும் வலை அது. அதை மேலே இழுப்பதற்கென்றே இப்படகுகளில் நீராவியால் சுற்றும் உருளை வைத்திருப்பார்கள். இழுக்க நேரமில்லை. வலையை, அதாவது அன்றைய பிழைப்பை, கடலிலேயே விட்டுவிட்டுப் பீரங்கியைத் திருப்பினார்கள். அவர்கள் சுட்ட குண்டுகள் எட்டவில்லை.

எதிரியின் நான்காவது குண்டு இடப்பக்க அணியத்தில் நீர்மட்டத்துக்குக் கீழே துளைத்தது. ஏழாவது கிரிஸ்பின் இடுப்புப் பகுதியைக் கிழித்துக்கொண்டு, தளத்தையும் துளைத்து, படகின் பக்கவாட்டில் வெளியேறியது. அந்த நிலையிலும் நினைவோடிருந்த அவர், தாக்கப்படுகிறோம், இன்ன இடத்தில் இருக்கிறோம், உதவி அனுப்புங்கள் என்ற செய்தியை எழுதிப் புறாவின் காலில் கட்டி அனுப்பச் செய்தார். படகில் கம்பியில்லாத் தந்தி கிடையாது. அவர்களுக்கிருந்த ஒரே தொடர்பு அந்தப் பறவைதான். குண்டுகள் தீரும் தறுவாயில் படகு அமிழத் தொடங்கியபோது, தோணிக்குத் தூக்கிச் செல்ல வந்தவர்களிடம் தம்மைக் கடலில் போட்டுவிடச் சொன்னார். அவர்களால் அது முடியவில்லை. அவரைத் தூக்கவும் முடியவில்லை. மகன் தோணியில் இறங்கினான். தந்தை படகோடு போனார்.

அந்தக் கட்டளையை வீரச்சொல்லாக மட்டும் படிக்க எனக்கு மனம் வரவில்லை. நெரிசலான சிறு தோணியில் குடல் சரிந்த ஒருவர் கிடந்தால் துடுப்புப் போட இடமிராது என்பதைத் தண்டலாக அவர் கணக்கிட்டிருப்பார் என்று தோன்றுகிறது. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவன் தம் மகன் என்பதும் அவருக்குத் தெரியும்.

17 ஆகஸ்ட், ஞாயிறு

நெல்சனின் ஆட்கள் ஏறத்தாழ இரண்டு நாள் அத்தோணியில் கிடந்து, மணல்திட்டு மிதவையருகே டிரையட் என்ற கடற்படைக் கப்பலால் மீட்கப்பட்டார்கள். அது 1917இல் இதே நாள். அக்டோபர் 29 அன்று பிரதமர் லாயிட் ஜார்ஜ் நாடாளுமன்றத்தில் கிரிஸ்பின் கதையைச் சொன்னார். டிசம்பர் 19 அன்று டாம் அரண்மனைக்குப் போய்த் தந்தையின் சிலுவையைப் பெற்றுக்கொண்டான். அவனுக்கும் ஒரு பதக்கம் கிடைத்தது.

ஆனால் இரண்டு நாளாக நான் நினைத்துக்கொண்டிருப்பது எதெல் அண்ட் மில்லியை. நெல்சனின் தோணியைக் கண்டதும் தங்கள் படகில் ஏறிக்கொள்ளும்படி அதன் ஆட்கள் அழைத்திருக்கிறார்கள். படகில் கூட்டம் சேர்ந்தால் சண்டையிட முடியாதென்று தோணியிலிருந்தவர்கள் மறுத்துவிட்டார்கள். தண்டல் மானிங் தம் படகை நீர்மூழ்கியை நோக்கியே செலுத்தினார். சற்று நேரத்தில் அதுவும் அடிபட்டது. தோணியிலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தபோது, எதெல் அண்ட் மில்லியின் ஆட்கள் நீர்மூழ்கியின் மேல்தளத்தில் வரிசையாக நின்றிருந்தார்கள். அதன் பிறகு அவர்களை யாரும் பார்க்கவில்லை. எந்தச் சிறை முகாமிலும் அவர்கள் பெயர் இல்லை. அதற்கு ஓராண்டு முன்புதான், சாதாரணக் கப்பல் தலைவரான சார்லஸ் ஃப்ரையட்டை, நீர்மூழ்கியை மோத முயன்றார் என்று குற்றம் சாட்டி ஜெர்மானியர்கள் பெல்ஜியத்தின் ப்ரூஜஸில் சுட்டுக்கொன்றிருந்தார்கள். போர்வீரர் உடை அணியாதவன் ஆயுதம் எடுத்தால் அவனைப் போர்க்கைதியாகக் கருதத் தேவையில்லை என்பது அவர்கள் வைத்த வாதம்.

யூசி-63, நவம்பர் 1 அன்று பிரிட்டிஷ் நீர்மூழ்கி ஈ-52 எறிந்த டார்ப்பிடோவில் சிக்கி, ஏறத்தாழ எல்லா ஆட்களோடும் மூழ்கியது. கிரிஸ்புக்கு விருது வழங்கும் அறிவிப்பு அரசிதழில் வெளிவந்தது மறுநாள், நவம்பர் 2.

நாளை காலை வேலைக்கு அதே சாலையில் போவேன். மானிங்கின் பெயரும் இவ்வூரில் எங்கேனும் கல்லில் இருக்கிறதா என்று, வரும் ஞாயிறு பழைய கல்லறைத் தோட்டத்தில் தேடிப் பார்க்க வேண்டும்.