நெற்தாள் கீறிய கண்ணும் ஒரு பங்கசும்

காலபோக அறுவடைக்குப் பிறகு கண் கிளினிக் வரிசையில் வயல்காரரைக் காண்பது அதிசயமில்லை. நானும் அப்படித்தான் அங்கே போய்ச் சேர்ந்தேன். கிளிநொச்சியில் முரசுமோட்டைப் பக்கம் இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் காணி எங்களுடையது. இப்போது வெட்டு மெஷின்தான் எல்லாம் செய்கிறது. ஆனாலும் மெஷின் திரும்ப முடியாத மூலைகளைக் கையால்தான் வெட்ட வேண்டும். அப்படிக் குனிந்து வெட்டும்போது ஒரு நெற்தாள் இடது கண்ணைக் கீறிவிட்டது. கழுவினேன். கொஞ்சம் உறுத்தியது, பிறகு சரியாகிவிட்டது போலவும் இருந்தது.

கீறிய இடத்தில் கிருமி தொற்றியிருந்தது. அது பற்றீரியா என்றால் பெரும்பாலும் ஓரிரு நாளிலேயே கண்ணைத் திறக்க முடியாமல் செய்துவிடும். எனக்குத் தொற்றியது பங்கசு, அதாவது பூஞ்சணம். அதற்கு அந்த அவசரம் கிடையாது. எனக்குச் சிவப்பும் கூச்சமும் மெல்ல மெல்லக் கூடி, கருவிழியில் சாம்பல் நிறமாக ஒரு பொட்டு தெரியத் தொடங்கியபோது கீறியதையே பாதி மறந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். தாய்ப்பால் விடச் சொன்னவர்களும் உண்டு. பக்கத்து வளவுப் பெரியப்பா, கண்புரைச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு தனக்குத் தந்த துளிமருந்தில் மிச்சத்தைக் கொண்டுவந்தார். என் மனைவி போத்தலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது திறந்து கனகாலம், இவருக்கு வேண்டாம் பெரியப்பா” என்று திருப்பிக் கொடுத்துவிட்டா.

அவ சொன்ன காரணம் வேறு. ஆனால் அந்தப் போத்தலில் இருந்தது ஸ்டீரொயிட். சிவப்பையும் நோவையும் அது உடனே குறைக்கும். கூடவே பங்கசை எதிர்க்க வரும் உடம்பின் காவலையும் அடக்கிவிடும். கண் தெளிந்த மாதிரி வெளியே தெரிய, உள்ளே பங்கசு வசதியாகப் பரவும். யாழ்ப்பாணத்தில் பார்த்த கண் டொக்டர் முதலில் கேட்டதும் இதைத்தான்: “வேற என்ன மருந்து விட்டனீங்கள்? ஒண்டும் மறைக்காமல் சொல்லுங்கோ.”

யாழ்ப்பாணம் போவதற்கு முன் காட்டிய இடத்தில் பற்றீரியாவுக்கான துளிமருந்து தந்திருந்தார்கள். அதனால் ஒரு பலனும் இல்லை. பற்றீரியாவின் உடலமைப்பைக் குறிவைத்துச் செய்த மருந்து பங்கசை ஒன்றும் செய்யாது. கண்ணால் பார்த்து மட்டும் இரண்டையும் பிரித்தறிவது அனுபவசாலிகளுக்கே கஷ்டமாம். புண்ணின் விளிம்பு இறகு போலக் கலைந்திருப்பதும், பெரிய புண்ணுக்கு அருகில் சின்னச் சின்னப் புள்ளிகள் இருப்பதும் பங்கசைச் சந்தேகிக்க வைக்கும். உறுதிப்படுத்துவதற்குச் சுரண்டித்தான் பார்க்க வேண்டும்.

சுரண்டுவது என்றதும் பயந்தேன். விறைக்க மருந்து விட்டு, கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் ஸ்லிட் லாம்ப் கருவி முன்னால் நாடியை வைத்து, மெல்லிய பிளேட்டால் புண்ணின் விளிம்பைச் சுரண்டி எடுத்தார்கள். நோகவில்லை, ஏதோ தொடுவது மட்டும் தெரிந்தது. எடுத்ததில் ஒரு பகுதியைக் கண்ணாடித் துண்டில் வைத்து, பொற்றாசியம் ஐதரொட்சைட்டு விட்டு, நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். அந்தக் காரம் மனிதக் கலங்களைக் கரைத்துவிடும். கைற்றின் என்ற உறுதியான பொருளால் ஆன சுவர் கொண்ட பங்கசு இழைகள் கரையாமல் நின்று தெரியும். இந்தச் சோதனைக்கு அதிக நேரம் பிடிக்காது. மிச்சத்தை வளர்ப்பூடகத்தில் பூசி வைப்பார்கள். அது முளைத்துப் பெயர் தெரியச் சில நாட்கள், சிலவேளை இரண்டு வாரம்கூட ஆகும். எனக்கு முளைத்தது பியூசேரியம் என்ற பங்கசு.

வயல்காரருக்கு அது அந்நியமில்லை. வாழையை வாட வைப்பதும், நெல் நாற்றை வெளிறி நெட்டையாக வளரச் செய்வதும் அதே இனத்தைச் சேர்ந்தவைதான். மண்ணிலும் வைக்கோலிலும் எப்போதும் இருக்கும். நல்ல கண்ணில் விழுந்தால் கண்ணீரும் இமையும் துடைத்து விடும். கருவிழியின் மேற்தோல் கீறியிருந்தால்தான் வித்தி, அதாவது பங்கசின் விதை போன்ற துணுக்கு, உள்ளே போய் முளைக்கும்.

டொக்டர் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் படம் கீறிக் காட்டினார். கருவிழி பல மெல்லிய அடுக்குகளால் ஆனது. இழை நொதியங்களைச் சுரந்து, அடுக்கைக் கரைத்து வழிவிட்டுக்கொண்டு, பக்கவாட்டிலும் கீழாகவும் நீளும். இது எங்கள் வரம்பில் கோரை ஓடுகிற மாதிரித்தான், மேலே பிடுங்கிவிட்டுச் சந்தோஷப்பட முடியாது. அடியில் இருக்கும் சவ்வையும் தாண்டிக் கண்ணின் உள்ளறைக்குள் போய்விட்டால் கண்ணைக் காப்பாற்றுவதே பாடாகிவிடும். என் கண்ணின் கீழ்ப்பக்கத்தில் அப்போதே வெள்ளையாக ஒரு கோடு போலச் சீழ் தங்கியிருந்தது. அதனால்தான் வீட்டுக்கு விடாமல் வார்டில் போட்டார்கள்.

மருந்து நட்டாமைசின், 5 சதவீதம். பால் மாதிரி வெள்ளையாக இருக்கும், ஒவ்வொரு தடவையும் குலுக்கித்தான் விட வேண்டும். முதலில் இரவும் பகலும் மணிக்கொரு தடவை. வார்டில் இருந்த மிஸ்மார் நித்திரையில் இருந்த என்னைத் தட்டித் தட்டி விட்டார்கள். அவர்களுக்கு நான் கடன்பட்டவன். வீட்டுக்கு வந்த பிறகு மனைவி அலாரம் வைத்து விட்டா. இமை மயிரெல்லாம் வெள்ளையாகக் காய்ந்து ஒட்டும், வெந்நீரில் நனைத்த பஞ்சால் துடைக்க வேண்டும். ஒருமுறை கையிருப்பு இல்லையென்று வெளியில் வாங்கத் துண்டு எழுதித் தந்தார்கள். பார்மசி பார்மசியாகத் தம்பி மோட்டார் சைக்கிளில் அலைந்ததை எழுதினால் அது தனிக் கதை.

ஏன் இவ்வளவு அடிக்கடி விட வேண்டும் என்று எரிச்சலாக இருந்தது. ஒற்றைக் கண்ணோடு போனில் தேடி வாசித்த பிறகுதான் விளங்கியது. பங்கசின் கலமும் எங்கள் கலமும் பெருமளவு ஒரே மாதிரி. அதைக் கொன்று எங்களை விட்டுவிடும் மருந்துகள் குறைவு. கலத்தைச் சுற்றியிருக்கும் மென்சவ்வில் எங்களுக்குக் கொலஸ்டரோல், பங்கசுக்கு அதைப் போன்ற எர்கோஸ்டெரோல். நட்டாமைசின் பிடிப்பது அந்த எர்கோஸ்டெரோலை. ஆனால் மூலக்கூறு பெரிது, கருவிழிக்குள் இலகுவில் இறங்காது. கருவிழியில் இரத்தக் குழாயும் இல்லாததால் குளிசை விழுங்கியும் அங்கே மருந்தை நிறையக் கொண்டுபோக முடியாது. அதனால்தான் மேலிருந்து விட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இடையிடையே புண்ணை மறுபடி சுரண்டியதும் அரைவாசி அதற்காகத்தான்.

நட்டாமைசின் 1950களில் தென்னாபிரிக்காவின் நட்டால் பகுதி மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரில் கண்டெடுத்த பழைய மருந்து. புதிதாக வந்த வொரிகொனசோல் உள்ளே நன்றாக இறங்கும் என்பதால் அதுதான் மேல் என்று பலர் எதிர்பார்த்தார்களாம். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் அமெரிக்க ஆய்வாளரும் சேர்ந்து 323 நோயாளிகளிடம் ஒப்பிட்டு 2013இல் வெளியிட்ட முடிவில் நட்டாமைசின்தான் வென்றது. பியூசேரியத்தில் அந்த வித்தியாசம் இன்னும் பெரிது. 2017இல் உலக சுகாதார நிறுவனம் அதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

வொரிகொனசோல் என்ற பெயரைப் பார்த்ததும் எனக்கு வேறொன்று தட்டியது. நெல்லுக்கு அடிக்கும் பங்கசுக்கொல்லிகளான தெபுகொனசோலும் புரொப்பிகொனசோலும் அதே குடும்பம். கண்ணுக்கு விடுவதும் வயலுக்கு அடிப்பதும் தாக்குவது எர்கோஸ்டெரோலைச் செய்யும் ஒரே நொதியத்தைத்தான். நெதர்லாந்தின் பூந்தோட்டங்களில் அடித்த இப்படிப்பட்ட மருந்துக்குப் பழகிய அஸ்பெர்ஜிலஸ் என்ற பங்கசு, பிறகு மனிதரின் நுரையீரலில் மருந்துக்கு அடங்காமல் நின்றிருக்கிறது. கடைக்காரர் சொன்னார் என்று அளவுக்கு மேல் கலந்து அடிப்பவர்கள் எங்கள் பக்கமும் இருக்கிறார்கள். அவர்களிடம் இதைச் சொல்லிப் பார்க்கிறேன், கேட்கிறவர் குறைவு.

சுகம் வருவதும் பங்கசு மாதிரியே மெதுவாகத்தான். முதலில் சீழ்க்கோடு குறைந்தது. பிறகு இறகு போலிருந்த விளிம்பு மழுங்கியது. அதுதான் நல்ல அறிகுறி, பொட்டு சின்னதாகிறதா என்று மட்டும் பார்த்துக் கவலைப்படாதீர்கள் என்றார் டொக்டர். மேற்தோல் மூடிய பிறகும் மருந்தை நிறுத்தவில்லை. உள்ளே மிச்சமிருந்தால் திரும்பி வரும் என்று, மருந்து விடும் இடைவெளியை மட்டும் மெல்லக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

இப்போது நோவு இல்லை. ஆனால் பூ விழுந்த மாதிரி ஒரு தழும்பு நடுவுக்குக் கிட்ட நிற்கிறது, அந்தக் கண்ணால் ஆள் தெரியும், முகம் தெரியாது. கருவிழி மாற்றலாம் என்கிறார்கள். 1961இல் டொக்டர் ஹட்சன் சில்வா தொடங்கிய இலங்கைக் கண்தானச் சங்கம் வெளிநாடுகளுக்கும் கருவிழி அனுப்பும் நாடு இது. இருந்தாலும் பங்கசு முழுதாகச் செத்து, கண் பல மாதம் அமைதியாக இருந்த பிறகுதான் அதைப் பற்றிப் பேசலாமாம். அடுத்த கிளினிக் சிறுபோக விதைப்புக்கு நடுவில் வருகிறது, தம்பியைத்தான் வயலுக்கு அனுப்ப வேண்டும்.