கிளாஸுக்கு முன் விலைத்தாள்

அந்த ஊரின் பெயர் வேண்டாம். பிரான்ஸில் திராட்சைத் தோட்ட ஊர்களின் வழியே போகும் அல்சாஸ் ஒயின் சாலையில் எங்கள் முதல் நாள் அது. வாசலில் 'நேரடி விற்பனை, சுவைத்துப் பார்க்கலாம்' என்று பலகை. தோட்டக்காரர் அன்பாக வரவேற்றார், தாத்தா காலத்து மரப்பீப்பாய்களைக் காட்டினார், ஆறு கிளாஸ் ஊற்றித் தந்தார். விலை மட்டும் எங்கும் எழுதியிருக்கவில்லை. எங்களுக்கும் கேட்க நா எழவில்லை. விருந்துக்குப் போன வீட்டில் சாப்பாட்டுக்கு விலை கேட்பது போலத் தோன்றியது. முக்கால் மணி நேரம் கழித்து அவர் சொன்ன தொகை நாங்கள் நினைத்ததைப் போல இரண்டு மடங்கு. வெறுங்கையோடு எழுந்து வர மனம் வரவில்லை. இரண்டு பாட்டில்களுடன் வெளியே வந்தபோது என் மனைவி ஒன்றும் பேசவில்லை.

ஒயின் நன்றாகவே இருந்தது. விலையும் நியாயமாக இருந்திருக்கலாம். முன்பே தெரிந்திருந்தால் மகிழ்ச்சியோடு கொடுத்திருப்பேன், இல்லையென்றால் நன்றி சொல்லி நகர்ந்திருப்பேன். ஆறாவது கிளாஸுக்குள் அந்த உரிமை என் கையை விட்டுப் போயிருந்தது.

நம் ஊரில் பிஸ்கட் பொட்டலத்தில்கூட அதிகபட்ச விலை அச்சாகி வருகிறது. பிரான்ஸில் அந்த வழக்கம் இல்லை. பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் ஊர்ப்பெயர், ஆல்கஹால் அளவு எல்லாம் இருக்கும், விலை இராது. ஆனால் வரி உட்பட விலை எவ்வளவு என்பதை வாங்க வருபவர் கேட்காமலே அறியும்படி விற்பவர் வைக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். ஒயின் மீதான மதிப்புக் கூட்டு வரி 20 சதவீதம் என்பதால் அந்த 'உட்பட' மிக முக்கியம்.

மறுநாள் எகிசைம் போனோம். கோல்மாருக்குப் பக்கத்தில், தெருக்களே வட்டம் வட்டமாகச் சுற்றும் ஊர். அங்கே ஒரு நிலவறையில் இருந்த அம்மையார் கிளாஸை எடுப்பதற்கு முன்பே ஒரு தாளை எங்கள் முன் வைத்தார். சில்வானர் திராட்சை ஒயின் ஒரு பாட்டில் 7.80 யூரோ. ரீஸ்லிங் திராட்சை ஒயின் 9.50. அந்த ஊர்ச் சரிவான ஐஷ்பெர்க்கில் விளைந்த 'கிரான் க்ரூ', அதாவது உயர்தர நிலம் என்று பெயர் பெற்ற இடத்து ரீஸ்லிங் 19. தீர்ந்துபோன ஒரு வகையைப் பென்சிலால் அடித்திருந்தார்.

ஒரே திராட்சைக்கு ஏன் இரண்டு விலை என்று இப்போது கூச்சமில்லாமல் கேட்க முடிந்தது. அல்சாஸில் கிரான் க்ரூ என்று பெயர் பெற்றவை 51 நிலப்பகுதிகள்தான் என்றார். அங்கே ஒரு ஹெக்டேரில் எடுக்கக்கூடிய விளைச்சலுக்கு வரம்பு கடுமையானது. அவருடைய சரிவில் எந்திரம் ஏறாது, கொத்துக் கொத்தாகக் கையால்தான் பறிக்க வேண்டும். 9.50-க்கும் 19-க்கும் இடையில் இருந்தது அந்தக் கையுழைப்பு. முதல் நாள் பீப்பாய்க் கதைகளை விட அந்தத் தாள்தான் எனக்கு ஒயினைப் பற்றி அதிகம் சொல்லித் தந்தது. கிரான் க்ரூவைச் சுவைத்துவிட்டு நான்கு சில்வானர் மட்டும் வாங்கினோம். அவர் முகம் சற்றும் மாறவில்லை.

அன்றிரவு கோல்மாரில் ஓர் உணவகம். பட்டியலில் அதே அம்மையாரின் சில்வானர், 26 யூரோ. என் மனைவி பையிலிருந்த விலைத்தாளை எடுத்து அதன் பக்கத்தில் விரித்தாள். உட்கார இடம், பரிமாறும் ஆள், வெள்ளை மேசை விரிப்பு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தோம். தயங்காமல் ஒரு பாட்டில் கொண்டுவரச் சொன்னோம்.