அம்மாப்பேட்டையில் ஓர் ஐந்து வாட் வால்வு ஆம்ப்

மார்கழி – தை

போகிக்கு முந்தைய மாலை எங்கள் தெருமுனையில் பழைய பாய், கிழிந்த மெத்தை இவற்றோடு ஒரு மர ரேடியோப் பெட்டியும் கிடந்தது. அந்த வீட்டுப் பாட்டியிடம் கேட்டேன். "அது பாடி முப்பது வருடம் ஆகிறது. எடுத்துக்கொண்டு போ சாமி" என்றார்.

கிட்டாருக்கு ஓர் ஆம்ப் (ஒலிபெருக்கி) கட்ட எனக்கு வேண்டிய வால்வுகள், டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழாய்கள், இரண்டு உள்ளே இருந்தன. ஒன்று ஸ்பீக்கரை ஓட்டும் ஈ.எல்.84, மற்றொன்று ஏ.சி.யை டி.சி. ஆக்கும் ஈ.இசட்.80. ஈ.எல்.84 தனி வால்வாக 250 வோல்ட்டில் ஏறத்தாழ 5.7 வாட் தரும். அதற்கு முன்னால், கிட்டாரின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் ஈ.சி.சி.83 வால்வு ஒன்றை வைத்தால் கிட்டார் ஆம்ப் ஆகிவிடும். எபிஃபோன் 'வால்வ் ஜூனியர்' ஆம்பிலும் இதே ஜோடிதான். ஈ.சி.சி.83 மட்டும் புதிதாக வாங்கினேன். பழைய எலெக்ட்ரோலைட்டிக் கண்டென்சர்களை நம்பவில்லை, எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன்.

எல்லாவற்றையும் பொருத்தும் சேஸிஸுக்கு, சேலத்துக்காரன் என்ற பெருமையில் ஸ்டெயின்லெஸ் தகடு எடுத்தேன். இரண்டு டிரில் பிட் மழுங்கிய பிறகு பெருமையை மடித்து வைத்துவிட்டு 2 மில்லிமீட்டர் அலுமினியத்துக்கு மாறினேன்.

மாசி

ரேடியோவின் மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் நன்றாக இருந்தது. வால்வை ஸ்பீக்கரோடு பொருத்தும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் வால்வுப் பக்கத்துச் சுற்று அறுந்திருந்தது. மோட்டாரும் ஸ்டெபிலைசரும் கட்டும் வைண்டிங் கடை ஒன்றுக்குப் போனேன். கணக்கு எளிது. ஈ.எல்.84 எதிர்பார்க்கும் சுமை 5,200 ஓம், ஸ்பீக்கர் 8 ஓம். வகுத்தால் 650, அதன் வர்க்கமூலம் 25.5. அந்தப் பக்கம் இருபத்தைந்தரைச் சுற்றுக்கு இந்தப் பக்கம் ஒன்று. கடை அண்ணன் அழகாகச் சுற்றி, ஸ்டாம்பிங்கை (உள்ளிருக்கும் இரும்புத் தகடுகளை) மாற்றி மாற்றி அடுக்கி, வார்னிஷில் முக்கிக் கொடுத்தார்.

வீட்டில் மாட்டினால் தடித்த தந்தி தகர டப்பாவைத் தட்டியதுபோல் ஒலித்தது. இரண்டு நாள் வயரிங்கைக் குடைந்தேன். பிழை வயரிங்கில் இல்லை, நான் கடையில் சொல்லாமல் விட்டதில் இருந்தது. ஒற்றை வால்வு ஆம்பில் அந்தச் சுற்றின் வழியே எந்நேரமும் 48 மில்லி ஆம்பியர் டி.சி. ஓடிக்கொண்டிருக்கும். இரும்பு அதிலேயே காந்தமேறி நிறைந்துவிடுவதால் அடித்தந்தியின் பெரிய அலைக்கு இடமில்லாமல் போகிறது. அதனால் ஈ வடிவத் தகடுகளை எல்லாம் ஒரு பக்கமும் ஐ வடிவத் தகடுகளை மறுபக்கமும் வைத்து நடுவே காகித இடைவெளி விட வேண்டும். இரண்டு வால்வு எதிரெதிராக இயங்கும் ஆம்புகளில் இரு பக்கத்து டி.சி.யும் ஒன்றையொன்று கழித்துக்கொள்வதால் இந்தத் தொல்லை இல்லை.

"இடைவெளி விட்டால் கரண்ட் அதிகம் இழுக்குமே தம்பி, இரையுமே" என்றார் அண்ணன். மெயின்ஸில் மாட்டும் டிரான்ஸ்ஃபார்மருக்கு அவர் சொன்னது முழுக்கச் சரி. வார்னிஷ் காய்ந்த ஸ்டாம்பிங்கைப் பிரிக்க ஒரு மதியம் போனது. நடுவே ஒரு துண்டு லெதராய்டு (இன்சுலேஷன் காகிதம்) வைத்துக் கட்டினோம். அன்று இரவு தடித்த தந்தி 'தொம்' என்றது.

அடுத்தது இரைச்சல். லேப்டாப்பில் அலைவெண்ணைப் பார்த்தேன். 100 ஹெர்ட்ஸ் என்றால் டி.சி.யின் வடிகட்டல் போதவில்லை என்று பொருள். எனக்கு வந்தது 50, அதாவது வால்வைச் சூடாக்கும் ஹீட்டரின் வயரையோ டிரான்ஸ்ஃபார்மரையோ சந்தேகிக்க வேண்டும். ரேடியோவில் இருந்தபடியே ஹீட்டரின் ஒரு முனையை சேஸிஸில் சேர்த்திருந்தேன். அதை எடுத்துவிட்டு, இரு முனைகளிலிருந்தும் தலா 100 ஓம் ரெசிஸ்டர் போட்டு எர்த் செய்தேன். ஹீட்டர் வயர்களையும் நன்றாக முறுக்கிவிட்டேன். முக்கால்வாசி இரைச்சல் போனது.

மிச்சத்துக்கு எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் ஒன்று உண்டு. வால்வுகளைக் கழற்றிவிட்டு, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரைத் தனியே எடுத்து அதில் ஹெட்ஃபோனை இணைத்து, மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மருக்கு மட்டும் மின்சாரம் கொடுக்க வேண்டும். பிறகு சேஸிஸ் மேல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் 'ம்ம்ம்' என்ற ஓசை ஏறி இறங்கும். செங்குத்தாகத் திருப்பி நான்கு விரல்கடை தள்ளியதும் அடங்கிவிட்டது. அங்கேயே துளை போட்டேன்.

(சுவிட்சை அணைத்த பிறகும் கண்டென்சரில் 270 வோல்ட் நிற்கும். அதை வடிக்க 220 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று போட்டிருக்கிறேன். ஆனாலும் மீட்டர் வைத்துப் பார்க்காமல் கை வைப்பதில்லை.)

பங்குனி

பகலில் பக்கத்து விசைத்தறிகள் ஓடும்வரை என் ஆம்ப் ஒருவருக்கும் கேட்கவில்லை. தறி நின்ற இரவு ஒன்பது மணிக்கு வால்யூமை ஏற்றினேன். மூன்றாவது நிமிடம் எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்றார். "தம்பி, குழந்தை இப்போதுதான் தூங்கியது."

ஐந்து வாட் தானே என்று எண்ணியிருந்தேன். என் ஸ்பீக்கர் ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தொலைவில் 95 டெசிபல் தருவது. ஐந்து வாட்டில் 102 ஆகிறது. ஈ.எல்.84-ஐ டிரையோடாக, அதாவது குறைந்த வாட் தரும் இணைப்புக்கு, மாற்ற ஒரு சுவிட்ச் போட்டேன். இரண்டு வாட்டுக்கு இறங்கியது, ஆனால் டெசிபலில் ஐந்துகூடக் குறையவில்லை. சத்தம் பாதியானதாகக் காதுக்குத் தோன்றவே சுமார் பத்து டெசிபல் குறைய வேண்டும், அதற்கு வாட் பத்தில் ஒரு பங்காக வேண்டும். பேச்சுக்குரல் அளவு வேண்டுமென்றால் மில்லிவாட்டில்தான் கணக்கு. ஒரு வாட் ஆம்பை வீட்டுக்கேற்றது என்று விற்கிறார்களே, அவர்கள் வீட்டுச் சுவர் எத்தனை அடியோ!

வால்யூமைக் குறைத்து வாசிக்கலாம்தான். ஆனால் வால்வு திணறும்போது வரும் அந்தக் கரகரப்புக்காகத்தானே இவ்வளவு பாடும். மைக் வைத்துப் பதிவு செய்யவும் வழியில்லை. பகலில் நாடா அடிக்கும் ஓசை, இரவில் குழந்தை.

ஆகவே ஸ்பீக்கரைக் கழற்றி, அந்த இடத்தில் 8 ஓம், 25 வாட் ரெசிஸ்டர் ஒன்றை மாட்டினேன். சுமையே இல்லாமல் விட்டால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் வோல்டேஜ் எகிறி இன்சுலேஷனை ஓட்டையாக்கிவிடும், அதனால் ஏதாவது ஒன்று இருந்தே தீர வேண்டும். அந்த ரெசிஸ்டரிலிருந்து சிறு பங்கைப் பிரித்து, லேப்டாப்புக்கு ஒலியை அனுப்பும் ஆடியோ இன்டர்ஃபேஸுக்குக் கொடுத்தேன். நேராகக் கேட்டால் தேன்கூட்டைக் கலைத்ததுபோல் இருந்தது. கிட்டார் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பெரும்பாலும் வெட்டிவிடும், ரெசிஸ்டர் எதையும் வெட்டாது. லேப்டாப்பில் ஸ்பீக்கர் பெட்டியின் ஒலித்தன்மையைப் பதிந்த இம்பல்ஸ் கோப்பு ஒன்றை ஏற்றியதும் கிட்டார் திரும்பி வந்தது. அடித்தந்தி இன்னும் கொஞ்சம் வறட்சிதான். உண்மையான ஸ்பீக்கரின் ஓம் அலைவெண்ணுக்கேற்ப ஏறி இறங்கும், ரெசிஸ்டரில் அந்த அசைவு கிடையாது.

நேற்று இரவு பதினொரு மணி, வால்யூம் எட்டில். அறையில் தந்தியின் 'டிங்' மட்டும், ஹெட்ஃபோனுக்குள் முழு ஆம்ப். ரெசிஸ்டரைத் தொட்டுப் பார்த்து விரலைச் சுட்டுக்கொண்டேன். மூலையில் கிடக்கும் ஸ்டெயின்லெஸ் தகடு வெப்பம் கடத்துவதிலும் சோம்பேறி, அதனால் மிச்சமிருக்கும் அலுமினியத்தில்தான் ரெசிஸ்டரைப் பொருத்த வேண்டும்.