அம்பயர் தேர்வில் ஷிஃப்டும் இன்ஃபீல்ட் ஃப்ளையும்: தேறிய கையோடு சில குறிப்புகள்

பேஸ்பால் அம்பயர் சான்றிதழுக்கான எழுத்துத் தேர்வு, மைதானத் தேர்வு இரண்டிலும் தேறிவிட்டேன் என்ற செய்தி இப்போதுதான் வந்தது. மனத்தில் இருந்த பெரிய பாரம் இறங்கியது. அடுத்த பருவத்துக்குப் படித்துக்கொண்டிருக்கும் நண்பர்கள் சிலர் கேட்டதால் எழுதுகிறேன். தேர்வின் அமைப்பு உங்களுக்குத் தெரிந்ததே. பால்க் (பந்து வீசுபவரின் விதிமீறிய அசைவு), அப்ஸ்ட்ரக்ஷன் (ஓடுபவரின் வழியை மறிப்பது) போன்றவற்றை மனப்பாடத்தால் கடந்துவிடலாம். மனப்பாடம் கைகொடுக்காத இடம் ஒன்று உண்டு: தடுக்கும் அணி பேட்டருக்கு ஏற்ப இடம் மாறி நிற்கும்போது (இதுவே ஷிஃப்ட்) இன்ஃபீல்ட் ஃப்ளை விதி செல்லுமா, செல்லாதா என்பது. எளிதில் பிடிக்கக்கூடிய பந்தை வேண்டுமென்றே விழவிட்டு ரன்னர்களை (பேஸ்களில் நிற்கும் பேட்டிங் அணியினரை) அவுட்டாக்குவதைத் தடுக்க, பந்து பிடிபடாவிட்டாலும் பேட்டரை அவுட் என்று அறிவிப்பதுதான் இந்த விதி. என்னைக் கேட்டால், படிக்கும் நேரத்தில் பாதியை இதற்கே ஒதுக்கலாம் என்பேன்.

அந்த விதியின் நிபந்தனைகள் இவை: இரண்டு அவுட் ஆகியிருக்கக் கூடாது. முதல், இரண்டாம் பேஸ்களிலோ மூன்றிலுமோ ரன்னர்கள் இருக்க வேண்டும். பந்து ஃபேர் ஃப்ளையாக, அதாவது ஆட்ட எல்லைக் கோடுகளுக்குள் மேலெழுந்து வருவதாக, இருக்க வேண்டும். லைன் டிரைவோ (தாழ்வாக நேராகப் பாயும் அடி) பண்ட் முயற்சியோ (மட்டையால் மெல்லத் தட்டுவது) கூடாது. இவை எல்லோருக்கும் மனப்பாடம் என்பது கேள்வி தயாரிப்பவருக்கும் தெரியும். ஆகவே அவர் கைவைப்பது மிச்சமிருக்கும் நிபந்தனையில்தான்: ஓர் இன்ஃபீல்டர் (பேஸ்களை ஒட்டிய உட்பகுதியைக் காப்பவர்) சாதாரண முயற்சியில் பிடிக்கக்கூடிய பந்தா அது?

இதற்கு நான் கைக்கொண்ட முறை படம் வரைவது. கேள்வியைப் படித்தவுடன் விடைகளைப் பார்க்காமல், வெற்றுத்தாளில் வைர வடிவம் போட்டு, பந்து வீசப்படும் நொடியில் ஒன்பது பேரும் எங்கே நிற்கிறார்கள் என்று புள்ளி வையுங்கள். பிறகு பந்து இறங்கும் இடத்தில் ஒரு குறுக்குக்குறி இடுங்கள். வேகமாகப் படித்து வேகமாக விடை எழுதுகிறவர்களுக்கு இது பொறுமையைச் சோதிக்கும் வேலையாகத் தோன்றலாம். நான் நிதானமாகச் செய்கிறவன். எனக்கு இதைவிட நல்ல வழி தெரியவில்லை.

ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். இடக்கை பேட்டர், ஒரு அவுட், முதல் இரண்டு பேஸ்களில் ரன்னர்கள். ஷார்ட்ஸ்டாப் (வழக்கமாக இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்பவர்) இரண்டாம் பேஸுக்கு வலப்புறம் போய்விட்டார், மூன்றாம் பேஸ்மேன் ஷார்ட்ஸ்டாப்பின் வழக்கமான இடத்துக்கு வந்திருக்கிறார், இரண்டாம் பேஸ்மேன் வலப்பக்கப் புல்தரையின் தொடக்கத்தில் நிற்கிறார். அதிக உயரம் போகாத ஒரு பந்து மூன்றாம் பேஸுக்குச் சற்றுப் பின்னால், ஃபேர் பகுதியில் இறங்குகிறது. மூன்றாம் பேஸ்மேன் முழுவேகத்தில் ஓடிக் கையை நீட்டியும் பந்து கையுறையில் பட்டுக் கீழே விழுகிறது. வழக்கமான அமைப்பில் அவர் நின்ற இடத்திலிருந்தே பிடித்திருக்கக்கூடிய பந்து அது. ஷிஃப்டில் அது சாதாரண முயற்சிக்கு எட்டாததாகிவிட்டதால் இன்ஃபீல்ட் ஃப்ளை இல்லை. பேட்டர் அவுட் இல்லை, ரன்னர்கள் ஓடியாக வேண்டும். லெஃப்ட் ஃபீல்டர் எளிதாகப் பிடித்திருப்பாரே என்று வாதிடுவதில் பயனில்லை, ஏனெனில் அவர் தன் வழக்கமான இடத்தில் நிற்கும் அவுட்ஃபீல்டர் (வெளிப்புறப் புல்தரையைக் காப்பவர்). இப்போது அதே அமைப்பில், புல்தரையில் நிற்கும் இரண்டாம் பேஸ்மேனை நோக்கி உயரமான பந்து ஒன்று வந்தால், அது இன்ஃபீல்ட் ஃப்ளை. இந்த இரட்டைக் கேள்வியை நன்றாகப் புரிந்துகொண்டவர்களுக்கு மற்றவை தாமாக விளங்கும்.

மண்தரை முடிந்து தொடங்கும் புல்லின் விளிம்போ பேஸ் கோடுகளோ இந்த விதிக்கு எல்லையாகா என்று விதியின் விளக்கவுரையே தெளிவாகச் சொல்கிறது. அப்படியிருந்தும் நான் காசு கொடுத்து வாங்கிய ஒரு பயிற்சி வினாத்தொகுப்பில், "பந்து புல்தரையில் விழுந்ததால் விதி செல்லாது" என்று விடை அச்சிட்டிருந்தார்கள். பலர் அதையே நம்பிப் படிக்கிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. மூல விதிப்புத்தகத்தைத் தவிர வேறு எதையும் முடிவான விடையாகக் கொள்ளாதீர்கள்.

புல்தரை பற்றிய சந்தேகத்தைப் போக்க, 2012 அக்டோபர் 5 அன்று அட்லாண்டாவில் பிரேவ்ஸ், கார்டினல்ஸ் அணிகளுக்கிடையே நடந்த மேஜர் லீக் (வட அமெரிக்காவின் உச்ச நிலை பேஸ்பால் லீக்) வைல்ட் கார்டு நாக் அவுட் ஆட்டத்தின் காணொளியைப் பலமுறை பாருங்கள். எட்டாவது இன்னிங்ஸில் பிரேவ்ஸின் ஆண்ட்ரெல்டன் சிம்மன்ஸ் அடித்த பந்து லெஃப்ட் ஃபீல்டுக்குள் வெகுதூரம் போனது. கார்டினல்ஸ் ஷார்ட்ஸ்டாப் பீட் கோஸ்மா பின்னோக்கிச் சென்று பந்துக்குக் கீழே நிலைகொண்டவர், கடைசி நொடியில் விலகிவிட, பந்து தரையில் விழுந்தது. லெஃப்ட் ஃபீல்ட் அம்பயர் சாம் ஹோல்புரூக் இன்ஃபீல்ட் ஃப்ளை என்று அறிவித்திருந்தார். ரசிகர்கள் குப்பைகளை வீசியதால் ஆட்டம் ஏறத்தாழ 19 நிமிடம் நின்றது. பிரேவ்ஸ் கொடுத்த முறையீடும் தள்ளப்பட்டது. அறிவிப்பு தாமதமாக வந்ததைக் குறை சொல்லலாம். பந்து விழுந்த தூரத்தை மட்டும் வைத்து அந்தத் தீர்ப்பைத் தவறென்று சொல்ல விதியில் இடமில்லை.

'சாதாரண முயற்சி' என்பதற்கு விதிப்புத்தகம் தரும் வரையறையையும் வரிக்கு வரி படியுங்கள். அந்த லீக்கின் தரத்தில், அந்த இடத்தில் ஆடும் சராசரித் திறமையாளர் செய்யக்கூடியது என்பதோடு, மைதானத்தின் நிலையும் வானிலையும் கணக்கில் கொள்ளப்பட வேண்டும். மேஜர் லீக்கில் இன்ஃபீல்ட் ஃப்ளையாகும் பந்து, பலத்த காற்றில் ஆடும் சிறுவர்களுக்கு அப்படி ஆகாமல் போகலாம்.

அடிக்கடி குழப்பும் மற்றவை:

2023 முதல் மேஜர் லீக்கில் பந்து வீசும்போது நான்கு இன்ஃபீல்டர்களும் இன்ஃபீல்டின் வெளி எல்லைக்குள், இரண்டாம் பேஸுக்கு இருபுறமும் இருவராக நிற்க வேண்டும். அவுட்ஃபீல்டரை உள்ளே கொண்டுவருவதற்குத் தடையில்லை. அப்படி இன்ஃபீல்டில் நிற்கும் அவுட்ஃபீல்டர் இந்த விதிக்கு இன்ஃபீல்டராகவே கருதப்படுவார்.

அந்தக் கட்டுப்பாடு இல்லாத லீக்கில், மூன்றாம் பேஸ்மேனை நான்காவது அவுட்ஃபீல்டராக வெகுதூரம் அனுப்பினால், அங்கே அவர் அவுட்ஃபீல்டர் என்பதே என் கருத்து. பெயரைப் பார்க்காமல் நிற்கும் இடத்தைப் பாருங்கள்.

இன்ஃபீல்ட் ஃப்ளை செல்லாத சூழலில், பந்தைத் தொடாமலே விழவிட்டால் பேட்டர் அவுட் இல்லை. முதல் பேஸில் ரன்னர் இருக்க, இரண்டு அவுட் ஆகாத நிலையில், இன்ஃபீல்டர் பந்தை வேண்டுமென்றே கைநழுவவிட்டால் பேட்டர் அவுட்; பந்து டெட் (ஆட்டம் அத்தோடு நிற்கும்), ரன்னர்கள் திரும்ப வேண்டும்.

ரன்னர் பேஸை விட்டு விலகி நிற்கும்போது அறிவிக்கப்பட்ட இன்ஃபீல்ட் ஃப்ளை அவர்மேல் பட்டால் இருவரும் அவுட். பேஸில் நின்றிருந்தால் பேட்டர் மட்டுமே.

மைதானத் தேர்வில் பார்க்கப்படுவது வேறு. சூழல் அமைந்தவுடன், பந்து வீசுவதற்கு முன்பே சக அம்பயருக்குச் சைகை கொடுத்தாக வேண்டும். அந்த நேரத்திலேயே ஷிஃப்டையும் ஒரு முறை கண்ணால் அளந்துவிடுங்கள். பந்து மேலே போன பிறகு அளக்க நேரமிருக்காது. பந்து உச்சிக்கு வரும்வரை காத்திருங்கள். பந்தை அண்ணாந்து பார்ப்பதை விட்டுவிட்டு ஃபீல்டரின் கால்களைப் பாருங்கள். ஓட்டம் தணிந்து கால்கள் நிலைகொண்டால் கையை உயர்த்தி உரக்க அறிவியுங்கள். கோட்டருகே என்றால் "ஃபேராக இருந்தால்" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிட்சரும் (பந்து வீசுபவர்) கேட்சரும் (பேட்டருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவர்) இந்த விதியில் இன்ஃபீல்டர்களே என்பதால், இடப்புறம் காலியாக இருக்கிறதென்று உடனே "இல்லை" என முடிவுகட்டிவிடாமல், பந்து மவுண்டுக்கு (பிட்சர் நின்று வீசும் மேடு) அருகில் இறங்கினால் பிட்சரின் கால்களையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.