நியூயார்க் சப்வேயில் கதவு திறக்காத ஸ்டேஷன்கள்: எந்த ரயில், எந்தப் பக்கம்

நியூயார்க்கின் சுரங்க ரயிலான சப்வேயில் மூடிக்கிடக்கும் ஸ்டேஷன்களைப் பார்க்கத் தண்டவாளத்தில் இறங்க வேண்டியதே இல்லை. இறங்கினால் ரயிலுக்கு மின்சாரம் தரும், 600 வோல்ட்டுக்கு மேல் ஓடும் மூன்றாவது தண்டவாளம் ஒருபக்கம், போலீஸ் மறுபக்கம். சரியான ரயிலில் சரியான ஜன்னலோரம் நின்றால் ஒரே டிக்கெட்டில் நிறையவே பார்த்துவிடலாம்.

முதலில் சிட்டி ஹால் ஸ்டேஷன். தெற்கே போகும் 6ஆம் எண் ரயிலுக்கு புரூக்ளின் பிரிட்ஜ் கடைசி ஸ்டாப். ஆனால் வண்டி வடக்கே திரும்ப ஒரு வளையத்தைச் சுற்றியாக வேண்டும். 1904இல் திறந்து 1945 டிசம்பர் 31 அன்று மூடிய ஸ்டேஷன் அந்த வளையத்தில்தான் இருக்கிறது. இறங்காமல் வலப்பக்க ஜன்னலோரம் இருங்கள். வண்டி ஊர்ந்துதான் போகும். ஓடு பதித்த வளைவுக் கூரை, படிக்கட்டு, பெயர்ப்பலகை எல்லாம் நிதானமாகத் தெரியும். மூட வைத்ததும் அந்த வளைவுதான். பிளாட்பாரம் வளைவின் வெளிப்புறம் இருப்பதால், பெட்டியின் இரு முனைகளும் விளிம்பை ஒட்டி வரும், நடுப்பகுதி விலகி நிற்கும். நடுவில் கதவுள்ள பெட்டிகள் வந்ததும் அந்த இடைவெளி ஆபத்தாகிவிட்டது. நாளுக்குச் சுமார் 600 பேர் ஏறும் ஸ்டேஷனை இடித்துக் கட்ட யாரும் முன்வரவில்லை.

படம் எடுப்பவர்களைக் கெடுப்பது ஜன்னல் பிரதிபலிப்பு. உள்ளே விளக்கு, வெளியே இருட்டு, நடுவில் உங்கள் முகம். போன் லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி, சுற்றிலும் கறுப்புத் துணியால் மூடுங்கள். ஃபிளாஷ் போட்டால் கண்ணாடி மட்டும்தான் பளிச்சிடும். தனி விளக்குக்கும் முக்காலிக்கும் சப்வே விதிகளில் அனுமதியும் இல்லை. நொடிக்கு 60 ஃபிரேம் வீடியோ எடுத்து, அதிலிருந்து நல்ல ஃபிரேமைப் பிரித்துக்கொள்வது உத்தமம்.

6ஆம் ரயிலில் 14, 23ஆம் தெருக்களுக்கு இடையே 18ஆம் தெரு (1948இல் மூடியது). 1ஆம் ரயிலில் 86, 96ஆம் தெருக்களுக்கு இடையே 91ஆம் தெரு (1959). இரண்டுக்கும் வலப்பக்கம். வண்டி வேகமாகப் போவதால் கண் சிமிட்டினால் போச்சு. நீள ரயில்களுக்காகப் பக்கத்து ஸ்டேஷன்களின் பிளாட்பாரங்களை நீட்டியதும், இடையில் இருந்த இவை தேவையற்றுப் போயின.

புரூக்ளினில் டிகால்ப் அவென்யூவிலிருந்து மன்ஹாட்டன் பக்கம் போகும் பி அல்லது க்யூ ரயில் ஏறினால், வலப்பக்கம் பழைய மர்டில் அவென்யூ பிளாட்பாரம் வரும். அங்கே 1980இல் பில் பிராண்ட் வரைந்து வைத்த 228 பலகைகள், வண்டி ஓடும்போது கார்ட்டூன் போல அசையும். வண்டி நின்றுவிட்டால் படமும் நின்றுவிடும். அடுத்த வண்டியில் மறுபடி முயல வேண்டியதுதான். பி ரயில் வாரநாட்களில் மட்டும் ஓடும்.

நின்று நிதானமாகப் பார்க்க ஜே ரயிலின் சேம்பர்ஸ் தெரு. என்னைக் கேட்டால் சிட்டி ஹாலைவிட இதுவே மேல். 1913இல் பெரும் கூட்டத்தை எதிர்பார்த்துக் கட்டினார்கள். அலுவலகங்களும் கூட்டமும் வடக்கே நகர்ந்துவிட்டன. நடுப் பிளாட்பாரம் இன்று சும்மா கிடக்கிறது. நீர்க்கசிவில் டைல்ஸ் உதிர்ந்த சுவர்களை, இன்றும் ரயில் நிற்கும் பிளாட்பாரத்திலிருந்தே பார்க்கலாம்.

கட்டி முடிக்காதவை வேறு ரகம். ஜி ரயிலின் பிராட்வே ஸ்டேஷனுக்கு மேலே, ஆறு தண்டவாளங்களுக்கு இடம் விட்ட வெறும் கான்கிரீட் கூடு இருக்கிறது. ஓடும் பாதைக்கு மேலோ கீழோ பிற்பாடு தோண்டினால் செலவு எகிறும் என்பதால், குறுக்கே வரப்போகும் பாதைக்கான கூட்டையும் கையோடு கட்டிவிட்டார்கள். 1929இல் அறிவித்த விரிவாக்கத் திட்டம் பொருளாதார மந்தத்தில் படுத்துவிட்டது. 2010இல் ஓவியர்கள் ரகசியமாக அங்கே சுவர் முழுக்க வரைந்த செய்தி வெளியானதும், பார்க்க நுழைந்தவர்கள் கைதானார்கள். அந்த ஆசையே வேண்டாம்.

ரயில் ஜன்னலிலிருந்தும் இத்தகைய மிச்சங்கள் சில தெரியும். டனல் சுவர் திடீரென்று விலகி, தண்டவாளம் இல்லாத ஓர் இருட்டு வாய் வந்தால், அது கட்டாமல் விட்ட கிளைப்பாதையின் தொடக்கமாக இருக்கலாம்.

சிட்டி ஹாலில் இறங்கி நடக்க, டிரான்சிட் மியூசியம் உறுப்பினர்களுக்கு நடத்தும் சுற்றுலா ஒன்றே வழி. இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். அந்த மியூசியமே 1946இல் மூடிய கோர்ட் தெரு ஸ்டேஷனுக்குள்தான் இருக்கிறது. பழைய பெட்டிகளுக்குள் ஏறி உட்காரலாம்.